வழிநூலும் வழியிசையும்: அறையிசை மறுஆக்கங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

முன்பே உள்ள இசைப்பொருள் ஒன்றை எடுத்துப் புதிய ஆக்கம் ஒன்றை அமைக்கும் செயலுக்கு என்ன பெயர் இடுவது என்னும் வினா இசைத் திறனாய்வுக்கு மட்டும் உரியதன்று. மூலத்திற்கும் அதன் வழிவந்த பனுவலுக்கும் இடையேயுள்ள உறவை ஆராயும் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அது உரியதே. 1986ஆம் ஆண்டில் இளையராஜா வெளியிட்ட கருவியிசைத் தொகுப்பு இவ்வினாவையே தன் பெயராகக் கொண்டது. 'ஹவ் டு நேம் இட்?' என்னும் அத்தொகுப்பு தியாகராசருக்கும் (1767-1847) ஜெர்மானிய இசையாசிரியர் யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் (1685-1750) காணிக்கையாக்கப்பட்டது. அதில் தலைமை வயலினை வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். பின்னர் அவரே சென்னையில் 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட்' என்னும் நரம்பிசை நால்வர் குழுவை நிறுவிக் கருநாடக இசைக் கீர்த்தனைகளை அக்குழுவுக்கு ஏற்ப அமைத்தார்.

இவ்விரு முயற்சிகளையும் இதழ்கள் 'ஃபியூஷன்' என்றோ 'இணைவிசை' என்றோ ஒரே சொல்லால் குறித்து வந்துள்ளன. அச்சொல் இரண்டு பொருள்கள் கலந்தன என்று மட்டும் கூறுகிறது. எது நிலைத்தது, எது மாறியது, எது புதிதாகச் சேர்ந்தது என்பவற்றைக் கூறுவதில்லை. தமிழ் நூல்மரபு வகுத்தளித்துள்ள கலைச்சொற்களைக் கொண்டு இவ்வாக்கங்களை வேறுபடுத்திக் காட்ட முடியும் என்பதும், அவ்வேறுபாடு அவற்றின் தகுதியை மதிப்பிடவும் துணைபுரியும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

அறையிசை என்பது சிலர் கூடி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவராக நின்று, நடத்துநர் இன்றி இசைக்கும் மேலை இசைவகை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகியன கூடிய நால்வர் குழு அதன் தலைசிறந்த வடிவமாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு குரலும் தனித்துக் கேட்கும் அமைப்பு ஆதலின், மூலத்தின்மீது ஆசிரியர் என்ன செய்துள்ளார் என்பதைப் பேரிசைக் குழுவின் ஆக்கத்தைவிட இதில் தெளிவாகக் காணலாம்.

2. தமிழ் மரபில் வழிநூல்

தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகுக்கிறது. நன்னூல் சார்புநூல் என மூன்றாவதையும் சேர்க்கிறது. முதல்நூலின் முடிபுகளோடு முற்றும் ஒத்துச் சில வேறுபாடுகளை மட்டும் உடையது வழிநூல் என்பதும், ஒருபுடை ஒத்துப் பிறவற்றில் வேறுபடுவது சார்புநூல் என்பதும் அந்நூல் தரும் விளக்கத்தின் சாரம். இவ்விரண்டிற்கும் அப்பால் உரை என்னும் வகையும் நம்மிடம் உண்டு. உரையாசிரியர் மூலத்தை மாற்றுவதில்லை. அதனை அப்படியே நிறுத்தி, அதன் அருகில் தம் சொல்லை வைக்கிறார். ஆயினும், எழுவாய் எது, பயனிலை எது, தொக்கு நின்ற வேற்றுமை எது என்று அவர் கூறிய பின்னர், அம்மூலத்தைப் பிறிதொரு வகையில் படிப்பது அரிதாகிவிடுகிறது.

இப்பகுப்பில் மொழிபெயர்ப்பும் சுருக்கமும் விரிவும் ஒரே இனத்தின் வகைகளாக நிற்பது கருதத்தக்கது. இன்றைய மொழிபெயர்ப்பியல் 'தழுவல்' என்னும் ஒரு சொல்லில் பலவற்றை அடக்கிவிடுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் (1957) 'அடாப்டேஷன்' என்பதன் வரையறைக்குள் இசைப்படைப்பின் எவ்வகை அமைப்பு மாற்றத்தையும் படியெடுப்பையும் சேர்த்துள்ளது. சட்டத்தின் நோக்கத்திற்கு அது போதுமானது. திறனாய்வுக்கு அது போதாது. ஒரு கீர்த்தனையின் சுரவரிசை முழுவதையும் காத்த ஆக்கமும், அதன் முதல் அடியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு வழியில் சென்ற ஆக்கமும் அச்சொல்லின்கீழ் ஒன்றாகிவிடுகின்றன.

3. பாக் தம்மையே விரித்தமை

இளையராஜாவின் தொகுப்பில் உள்ள 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்னும் உருப்படி, பாக்கின் தனிவயலினுக்கான மூன்றாம் பார்த்திதாவின் முன்னிசையை மூலமாகக் கொண்டது. அம்மூலத்தின் வரலாற்றை முதற்கண் நோக்குதல் வேண்டும். ஏனெனில், அதனை முதலில் மறுஆக்கம் செய்தவர் பாக்கே ஆவார்.

தனிவயலின் படைப்புகளைப் பாக் தம் கையால் எழுதிய படி 1720ஆம் ஆண்டைக் காட்டுகிறது. மூன்றாம் பார்த்திதாவின் முன்னிசை துணைக்கருவி ஏதுமின்றி ஒற்றை வயலின் இடையறாது விரைந்தோடும் இசைவரி. 1731இல், லைப்சிக் நகரமன்றப் பதவியேற்பு விழாவுக்கென அமைத்த 29ஆம் கான்டாட்டாவின் தொடக்கத்தில் இதே வரியைப் பாக் ஆர்கன் கருவிக்கு அளித்தார். சுருதியை ஒரு முழுத்தொனி இறக்கினார். எக்காளங்களையும் முரசுகளையும் நரம்புக் கருவிகளையும் உடன் சேர்த்தார். 1730களில் இப்பார்த்திதா முழுவதற்கும் லூட் கருவியோடு சார்த்திக் கூறப்படும் மற்றொரு வடிவமும் அவர் கையால் எழுந்தது.

ஒற்றை வரியில் தொக்கு நின்ற ஒத்திசைவை 1731ஆம் ஆண்டு வடிவம் வெளிப்பட எழுதிக் காட்டுகிறது. தனிவயலின் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிப்பினும், அச்சுரங்கள் தாவிச் செல்லும் முறையால் கேட்போர் உள்ளத்தில் இரண்டு மூன்று குரல்கள் எழுகின்றன. 'மரப்பெட்டி' என்பதை 'மரத்தால் ஆகிய பெட்டி' என விரிப்பதைப் போன்றது இது. உருபு புறத்திலிருந்து வரவில்லை. தொகையிலேயே மறைந்து நின்றது. ஆகவே இதனை விரித்தல் எனலாம்.

அக்கான்டாட்டாவின் முதற் கூட்டுப்பாடல் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க வேறொரு செய்தியைத் தருகிறது. இறைவனுக்கு நன்றி கூறும் ஜெர்மன் சொற்களுக்கு அமைந்த அவ்விசையைப் பாக் தம் பி-மைனர் திருப்பலி இசையில், நன்றி கூறும் இலத்தீன் சொற்களுக்கு மாற்றினார். சொல் மாறிற்று, பொருளும் இசையும் ஒத்து நின்றன. பின்னர் அதே படைப்பின் இறுதியில், அமைதியை வேண்டும் இலத்தீன் சொற்களுக்கும் அவ்விசையையே வைத்தார். இங்குப் பொருளும் மாறிவிட்டது. முன்னதை மொழிபெயர்த்தல் எனலாம். பின்னதைத் தமிழ் இசையுலகம் நன்கறிந்த 'மெட்டுக்குப் பாட்டு' என்னும் வகையில் சேர்க்கலாம். ஒரே இசை, ஒரே ஆசிரியர், ஒரே படைப்பு எனினும் செயல்கள் இரண்டு. ஆதலின் பெயர்களும் இரண்டாதல் வேண்டும்.

மெட்டுக்குப் பாட்டமைத்த முறைக்கு நம் நாட்டிலும் சான்று உண்டு. முத்துசாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவை நோட்டுசுர சாகித்தியங்கள் எனப்படும். ஆங்கிலேய அரசுப் பாடலின் மெட்டிலமைந்த 'சந்ததம் பாஹிமாம்' அவற்றுள் ஒன்று. மேலை மேஜர் அளவை சங்கராபரணத்தின் சுரங்களோடு ஒத்ததாதலின் அவ்வகை உருப்படிகள் அந்த இராகத்தின்பால் வைத்து எண்ணப்படுகின்றன. ஆயினும் ஒத்திசைவுக்கென அமைந்த மெட்டு இங்கு ஒத்திசைவை இழந்து தனிவரியாகிவிட்டது. இது தொகுத்தலோடு கூடிய மெட்டுமாற்றம்.

4. விரியா, உரையா?

இனி, நரசிம்மனின் நால்வர் குழு மேற்கொண்ட முறையை நோக்குவோம். இங்குக் கீர்த்தனையின் இசைவரி முதல் வயலினில் தன் கமகங்களோடு நிற்கிறது. ஏனைய மூன்று கருவிகளும் அதற்கு ஒத்திசைவைத் தருகின்றன. பாக் தம் முன்னிசைக்குச் செய்ததும் இதுவும் புறத்தோற்றத்தில் ஒன்றே: தனிவரிக்குத் துணைக்குரல்கள் சேர்ந்தன. ஆனால் அடிப்படையில் இரண்டும் வேறு. பாக்கின் தனிவரியில் ஒத்திசைவு தொக்கு நின்றது. கீர்த்தனையில் அது தொக்கு நிற்கவில்லை. ஏனெனில், கீர்த்தனையின் இலக்கணத்திலேயே அது இல்லை. கருநாடக இசையில் ஒரு சுரம் ஆதாரமான சட்சத்தோடும், தனக்கு முன்னும் பின்னும் வரும் சுரங்களோடும் கொண்ட உறவால் பொருள் பெறுகிறது. ஒரே நேரத்தில் ஒலிக்கும் பிற சுரங்களோடு அதற்கு உறவு விதிக்கப்படவில்லை.

எனவே சங்கராபரணத்தில் காந்தாரம் நீண்டு ஒலிக்கும் ஓர் இடத்தில், துணைக்கருவிகள் சட்சத்தையும் பஞ்சமத்தையும் ஒலித்தால் அக்காந்தாரம் கூட்டின் நடுச்சுரமாகிறது. தைவதத்தையும் சட்சத்தையும் ஒலித்தால் அதுவே கூட்டின் மேற்சுரமாகிறது. பஞ்சமத்தையும் நிடாதத்தையும் ஒலித்தால் கூட்டின் அடிச்சுரமாகிறது. சுரம் ஒன்றே, அது ஏற்கும் வேற்றுமை மூன்று. 'புலிகொல் யானை' என்னும் தொடரில் கொன்றது எது, கொல்லப்பட்டது எது என்று உரையாசிரியர் தீர்மானிப்பதைப் போல, காந்தாரம் அவ்விடத்தில் எழுவாயா, செயப்படுபொருளா என்று அமைப்பாளர் தீர்மானிக்கிறார். மூலம் அதனைக் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

இக்காரணத்தால் இவ்வகை ஆக்கத்தை மொழிபெயர்ப்பு என்றோ விரி என்றோ கூறுவதினும் உரை என்று கூறுவதே பொருந்தும். மூலம் முழுமையாக முன்நிற்கிறது; அதன் கீழே ஒரு விளக்கம் ஓடுகிறது; அவ்விளக்கம் பிறிதோர் இலக்கணத்தின் சொற்களால் ஆனது. வடமொழி இலக்கண நோக்கில் தமிழ் நூலுக்கு உரை கண்டோர் நம் மரபில் உண்டு. அவர்களுடைய உரை சில இடங்களில் மூலத்தைத் துலக்கிற்று. சில இடங்களில் மூலத்தில் இல்லாத பகுப்பை அதன்மேல் ஏற்றிற்று. நால்வர் குழுவின் ஒத்திசைவையும் இந்த இரு நோக்கிலும் மதிப்பிடுதல் வேண்டும்.

உரை துலக்கும் இடங்கள் உண்டு. அம்சத்வனி சட்சம், ரிடபம், காந்தாரம், பஞ்சமம், நிடாதம் என்னும் ஐந்து சுரங்களால் ஆனது. ச-க-ப, க-ப-நி, ப-நி-ரி என்னும் மூன்று கூட்டுகள் அதற்குள்ளேயே கிடைக்கின்றன. மேலை இசையில் அடியை முடிக்க மிகுதியும் ஆளப்படும் ம-த-ச என்னும் கூட்டு மட்டும் கிடைப்பதில்லை. மத்திமமும் தைவதமும் அந்த இராகத்தில் இல்லாமையே காரணம். நேர்மையான அமைப்பாளர் அவ்விரு சுரங்களையும் துணைக்குரல்களிலும் விலக்குவார். அப்போது பழகிய முடிவுநடை கைகூடாது. அடிகள் வேறு வழியில் முடிய வேண்டியிருக்கும். மூலத்தின் இலக்கணம் உரையின் இலக்கணத்தையே வளைக்கும் இடம் இது. கேட்போருக்கு அந்த இராகத்தில் இல்லாத சுரங்களின் இன்மை முதன்முறையாகச் செவிப்புலனாகிறது.

உரை இடர்ப்படும் இடங்களும் உண்டு. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிடபத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே அசைவதே அதன் இயல்பு. எழுத்தில் 'க' என ஒரு குறி. ஒலியில் அது ஓர் இயக்கம். சுரக்கூட்டோ நிலைத்த சுரங்களை வேண்டுகிறது. அசையும் காந்தாரத்தின்கீழ் நிலைத்த காந்தாரத்தை வைத்தால் இரண்டும் மோதும். அசைவைக் குறைத்தால் தோடி கெடும். ஒலியனை எழுத்தாகவே கருதி மாற்றொலிகளைப் புறக்கணிக்கும் பிழையோடு இதனை ஒப்பிடலாம். இவ்விடத்தில் அமைப்பாளர் செய்யத்தக்கது துணைக்குரல்களைச் சட்சத்திலும் பஞ்சமத்திலும் மட்டும் நிறுத்தி ஒதுங்கிக்கொள்வதே. மொழிபெயர்க்கலாகாத சொல்லை அப்படியே விட்டுச்செல்லும் மொழிபெயர்ப்பாளரின் அடக்கம் இது. துணைக்குரல்கள் எங்கே பேசின என்பதைப் போலவே எங்கே வாய்மூடின என்பதும் இவ்வாக்கங்களின் தகுதிக்கு அளவுகோல் ஆகும்.

5. இரு குரல்களின் உரையாடல்

இளையராஜாவின் உருப்படி இதற்கு நேர்மாறான அமைப்புடையது. இங்கு மூலமாக நிற்பது மேலை இசை. அதன்மேல் ஏறுவது இந்திய நடையமைந்த புதிய இசைவரி. பாக்கின்மேல் புதுவரி ஏற்றியவர் இவருக்கு முன்னும் உண்டு. பிரெஞ்சு இசையாசிரியர் கூனோ, பாக்கின் சி-மேஜர் விசைப்பலகை முன்னிசையின்மேல் 1853இல் ஓர் இன்னிசை வரியை அமைத்தார். பின்னர் மரியன்னை வணக்கச் சொற்கள் அதற்குச் சேர்ந்தன. அம்முன்னிசை சுரக்கூட்டுகளை உடைத்து ஒலிப்பதாகவே அமைந்தது. ஆதலின், கூனோவின் வரி ஏறியதும் பாக் பின்னணியாகிவிட்டார். மூலம் முழுமையாக இருந்தும் பக்கவாத்தியமாகிவிட்டது.

இளையராஜா தெரிந்துகொண்ட முன்னிசை அவ்வாறு பின்வாங்கக் கூடியதன்று. அது தானே ஓர் இன்னிசை வரி. புதுவரி ஏறிய பின்னும் கேட்போர் செவி இரண்டிற்கும் இடையே மாறி மாறிச் செல்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சுரத்தொகுதியைப் பகிர்ந்துகொள்ளக் கூடியவை. மூலத்தின் ஈ-மேஜர் அளவை நம் செவிக்குச் சங்கராபரணமே. ஆயினும் எவ்வரி எவ்வூருக்கு உரியது என்பதைச் சுரங்களுக்கு இடையே செல்லும் முறை காட்டிவிடுகிறது. பல தாய்மொழியினர் கலந்து வாழும் தென் அந்தமானில் இந்தி பொதுமொழியாக வழங்குகிறது. சௌல்தாரி போன்ற ஓர் ஊரின் கடையில் நடைபெறும் பேச்சில் சொல்லும் தொடரும் இந்தியாகவே இருந்தாலும், நெடிலின் அளவும் குரலின் ஏற்ற இறக்கமும் பேசுவோர் தமிழரா, வங்காளியரா என்பதைப் புலப்படுத்தலாம். இலக்கணம் பொது, ஒலிப்பு தனி. இந்த உருப்படியில் கமகம் ஆற்றும் பணி அதுவே.

எனவே இதனை உரை எனல் பொருந்தாது. புதுவரி பாக்கை விளக்கவில்லை. பாக்கோடு ஒருங்கே நின்று தன் மொழியில் பேசுகிறது. இரு மொழிகளும் தத்தம் நிறம் தோன்ற நிற்கும் மணிப்பிரவாளத்தை இதற்கு ஒப்பாகக் கூறலாம். தொகுப்பில் அடுத்து வரும் உருப்படிக்கு 'அண்ட் வி ஹேட் எ டாக்' எனப் பெயரிட்டதால், உரையாடல் என்னும் கருத்து ஆசிரியருக்கும் உடன்பாடே எனக் கொள்ளலாம். மணிப்பிரவாளத்திற்கு உரிய குறையும் இதற்கு உண்டு. மணியும் பவளமும் தனித்தனியே ஒளிர்கின்றனவே அன்றி, ஒன்றன் அமைப்பு மற்றொன்றை மாற்றுவதில்லை. அம்சத்வனிக்கு ஒத்திசைவு அமைக்கும்போது நிகழும் வளைவு இங்கு நிகழவில்லை. பாக் சந்திப்பிற்குப் பின்னும் பாக்காகவே இருக்கிறார். நட்புக்கு அது போதும். வழிநூலுக்கு அது போதாது. இவ்வுருப்படியின் இனிமையை ஒப்புக்கொள்ளும் அதே வேளையில், நால்வர் குழுவின் அடக்கமான உழைப்பே மூலத்தோடு ஆழ்ந்த உறவு கொண்டது என்பது எம் முடிபு.

6. மூலம் எது?

இம்முடிபுக்கு ஒரு தடை எழலாம். கீர்த்தனைக்கு நிலைத்த மூலம் உண்டா என்பதே அத்தடை. தியாகராசரின் உருப்படிகள் உமையாள்புரம், தில்லைத்தானம், வாலாசாப்பேட்டை எனப் பல சீடர் மரபுகளின் வழியே வந்தவை. ஒரே உருப்படிக்குச் சங்கதிகளின் எண்ணிக்கையும் சுரப்போக்கும் பாடாந்தரத்திற்கேற்ப வேறுபடுகின்றன. மேலும், சங்கதி என்பதே ஓர் அடியை மீண்டும் மீண்டும் எடுத்து வளர்த்துச் செல்லும் மறுஆக்கமாகும். பாக்கின் முன்னிசைக்கு அவர் கையெழுத்துப்படி இருப்பதைப் போல இங்கு ஒன்றைக் காட்ட இயலாது.

சுவடிப் பதிப்பில் பழகியவருக்கு இத்தடை புதிதன்று. பாடபேதம் உள்ள நூலுக்கும் உரை எழுதப்பட்டே வந்துள்ளது. எப்பாடத்தைக் கொண்டார் என்பதை உரையாசிரியர் கூறினால் போதும். நால்வர் குழுவின் ஆக்கம் எழுதப்பட்ட பகுதிகளைக் கொண்டது. ஆதலின் அது பல பாடங்களுள் ஒன்றைத் தெரிந்தே ஆக வேண்டும். அத்தெரிவு கேட்போருக்கு அறிவிக்கப்படுதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மற்றொரு தடை மொழி பற்றியது. கருவிகள் வாசிக்கும்போது தெலுங்குச் சாகித்தியம் நீங்கிவிடுகிறது. தமிழிசை இயக்கம் பாடல்மொழி பற்றி எழுப்பிய வினா இங்கே வேறு வடிவில் திரும்புகிறது: சொல் நீங்கிய கீர்த்தனைக்கு மொழி உண்டா? உண்டு என்றே கூற வேண்டும். குறில் நெடில்களின் அளவு, எதுகை விழும் இடம், சொல் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை ஆகியவற்றைத் தழுவியே இசைவரி அமைந்துள்ளது. சொல் நீங்கினாலும் அதன் யாப்பு நீங்குவதில்லை. துணைக்குரல்களின் சுரக்கூட்டு மாறும் இடம் இந்த யாப்பெல்லையோடு பொருந்தினால் கீர்த்தனை தன் மொழியில் நிற்கிறது. சொல்லின் நடுவே மாறினால் அச்சொல் கேட்காமலேயே உடைகிறது. சாகித்தியம் அறியாத அமைப்பாளர் இப்பிழையைத் தவிர்ப்பது கடினம்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் ஐந்து செயல்கள் தம்முள் வேறுபட்டு நிற்பதைக் கண்டோம். பாக் தம் தனிவரிக்குச் செய்தது விரித்தல். நன்றிப்பாடலை இலத்தீனுக்கு மாற்றியது மொழிபெயர்த்தல். தீட்சிதரின் நோட்டுசுரம் மெட்டுக்குப் பாட்டு. நரசிம்மனின் நால்வர் குழு அமைப்பது உரை. இளையராஜாவின் பாக் சந்திப்பு மணிப்பிரவாளம். இவற்றை ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் நீடிக்குமாயின், ஒன்றின் குறையை மற்றொன்றின்மேல் ஏற்றுவதும், ஒன்றுக்குரிய புகழை மற்றொன்றுக்கு அளிப்பதும் தவிர்க்க முடியாதவை.

தியாகராசர், பாக் ஆகியோரின் படைப்புகள் பதிப்புரிமைக் காலத்தைக் கடந்தவை. மூலத்தோடு கொண்ட உறவை அறிவிக்குமாறு சட்டம் எவரையும் வற்புறுத்தப் போவதில்லை. நூலின் தலைப்புப் பக்கத்தில் 'மொழிபெயர்ப்பு', 'தழுவல்', 'உரை' எனக் குறிப்பதை நாம் நேர்மையின் பாற்பட்ட கடமையாகக் கருதுகிறோம். இசைத்தட்டின் உறையிலும் நிகழ்ச்சிக் குறிப்பிலும் அக்கடமை இன்னும் வேரூன்றவில்லை. எடுத்த பாடம் எது, காத்தது எது, சேர்த்தது எது என மூன்று வரிகள் அங்கு இடம்பெற்றால் கேட்போர் செவி கூர்மை பெறும். அவ்வரிகளை எழுதத் தேவையான சொற்கள் தமிழில் முன்பே உள்ளன.